அப்பா அம்மாவோட ஒரு நாள்: மெல்ரோஸா, அர்ப்ரோத்தா, வேற எதாவதா?

லீத்வாசி | திங்கள், இரவு 10:41

ஊர்லேருந்து அப்பா அம்மா வந்து மூணு வாரம் ஆச்சு. எடின்பரோ கோட்டை முடிஞ்சது, ராயல் மைல் முடிஞ்சது, நெஸ் ஏரியும் முடிஞ்சது. ஏரிக்கரையில நின்னு அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஆழமெல்லாம் சரி, ஆயக்கட்டு எவ்வளவு?" பொதுப்பணித் துறையில பாசனப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவர். நான் என்னத்த சொல்ல.

வர்ற சனிக்கிழமை ஒரு நாள் கையில இருக்கு. இடிஞ்சு நிக்கிற பழைய மடாலயம் ஏதாவது ஒண்ணைக் காட்டலாம்னு ஆசை. ஆசை என்னோடதுதான், அவங்க கேக்கலை. மெல்ரோஸ், டிரைபரோ, ஜெட்பரோ, கெல்சோ, அர்ப்ரோத்னு பட்டியல் நீளுது. எங்கிட்ட கார் கிடையாது. அம்மாவுக்கு முட்டி வலி, சுழல் படிக்கட்டுன்னா நடக்கவே நடக்காது. எங்க போகலாம், சொல்லுங்க.


சும்மா_ஒருத்தன் | திங்கள், இரவு 10:58

எங்கயும் போக வேண்டாம். நாலு உடைஞ்ச சுவரு, நடுவுல புல்லு, புல்லுல ஒரு போர்டு. எட்டாம் ஹென்றி மடத்தையெல்லாம் இழுத்து மூடி இடிச்சுத் தள்ளினான், மிச்சம்தான் இது. ஒண்ணைப் பார்த்தா எல்லாத்தையும் பார்த்த மாதிரி. டிக்கெட் காசுக்கு அம்மாவுக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கிக் குடுங்க.


கிளைட்கரை | செவ்வாய், காலை 7:20

சும்மா ஒருத்தன் சும்மா சொல்லுறார், காதில போடாதேங்கோ. நாங்கள் ரெண்டு வருஷத்துக்கு முந்தி பிள்ளையளோட மெல்ரோஸ் போனனாங்கள். கார் இல்லையெண்டால் அதுதான் சரி. எடின்பரோ வேவர்லியில இருந்து ட்வீட்பேங்க் வரைக்கும் ரயில், ஒரு மணித்தியாலம் மட்டில. 1969இல மூடின பாதை, 2015இலதான் திரும்பத் திறந்தவை. இறங்கின இடத்தில பஸ் எடுங்கோ. நடந்தால் ரெண்டு மைல் வரும், அம்மாவோட வேண்டாம்.

பிள்ளையளுக்கு அங்க என்ன பிடிச்சது தெரியுமோ? பன்றி! தெற்குப் பக்கக் கூரையில ஒரு பன்றி இருந்து பேக்பைப் ஊதுது. கல்லுப் பன்றி. மழைத் தண்ணி வடியிறதுக்கு வச்ச சிலை. வெறுங்கண்ணால தேடினால் கழுத்து நோகும், பைனாகுலர் கொண்டு போங்கோ. எங்கட சின்னவள் அதைக் கண்டவுடன போட்ட சத்தத்தில பக்கத்தில நிண்ட ஒரு கிழவர் திடுக்கிட்டுப் போனார்.


கல்வெட்டுப்பித்தன் | செவ்வாய், காலை 8:05

சும்மா ஒருத்தன், ஆள் சரி, கதை தப்பு.

ஹென்றி மடங்களைக் கலைத்தது 1536 முதல் 1540 வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும். ஸ்காட்லாந்து அப்போது தனி நாடு, தனி ராஜா. ஹென்றியின் சட்டம் ட்வீட் ஆற்றைத் தாண்டி ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. ஆனால் படை தாண்டியது. 1542 டிசம்பரில் பிறந்த குழந்தை ராணி மேரியைத் தன் மகன் எட்வர்டுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பது ஹென்றியின் ஆசை. 1543இல் ஒப்பந்தமும் ஆனது, அதே ஆண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. பெண் கொடுக்காத வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதைத்தான் செய்தார்கள். ஹென்றியின் தளபதி ஹெர்ட்ஃபோர்டு பிரபு 1545 செப்டம்பரில் வந்தபோது கெல்சோ, மெல்ரோஸ், டிரைபரோ, ஜெட்பரோ நாலுக்கும் தீ வைத்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'முரட்டுப் பெண் கேட்பு'.

அதற்குச் சில மாதம் முன்பே இன்னொரு ஆங்கிலேயப் படை மெல்ரோஸுக்குள் புகுந்து டக்ளஸ் குடும்பத்துக் கல்லறைகளைச் சிதைத்திருந்தது. அந்தக் குடும்பத்துத் தலைவர் ஆங்கஸ் பிரபு சும்மா இருப்பாரா? 1545 பிப்ரவரி 27 அன்று ஆன்க்ரம் மூர் என்ற இடத்தில் அந்தப் படையைச் சின்னாபின்னமாக்கினார், தளபதி ரால்ஃப் ஈவர்ஸ் அங்கேயே செத்தான்.

மெல்ரோஸுக்கு இது முதல் தீயும் இல்லை. 1136இல் ராஜா முதலாம் டேவிட் யார்க்ஷயரின் ரீவோவிலிருந்து சிஸ்டர்சியன் துறவிகளை வரவழைத்துக் கட்டிய மடம் அது, ஸ்காட்லாந்தில் அந்தச் சபையின் முதல் மடம். எல்லைக்கு அருகில் இருந்ததுதான் அதன் தலையெழுத்து. 1322இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் எட்வர்டின் படை எரித்துத் துறவிகள் சிலரையும் கொன்றது. அப்போதைய ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் பணம் கொடுத்து எடுத்துக் கட்ட வைத்தார். 1385இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்டு வந்து மறுபடி எரித்தான். கூத்து என்னவென்றால் எரித்த அதே ரிச்சர்டு 1389இல் அந்தத் துறவிகளுக்குக் கம்பளி ஏற்றுமதிச் சுங்கத்தில் சலுகை கொடுத்தான். அவர்கள் வண்டி வண்டியாகக் கம்பளி விற்கிற பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் முடியாது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த 1385க்குப் பிறகு எழுந்த கட்டடம். முதல் மடத்தில் மேற்குப் பக்கம் கொஞ்சம் சுவர்தான் பாக்கி.


சும்மா_ஒருத்தன் | செவ்வாய், காலை 9:30

சரி வாத்தியாரே, பெஞ்சு மேல ஏறி நிக்கிறேன். ஆனா 1560ல ஸ்காட்லாந்துக்காரங்களே புராட்டஸ்டன்டா மாறி எல்லாத்தையும் உடைச்சாங்கன்னு படிச்சிருக்கேனே?


கல்வெட்டுப்பித்தன் | செவ்வாய், காலை 10:14

உடைத்தது உண்டு, பெர்த் போன்ற ஊர்களில் கும்பல் புகுந்து சிலைகளை நொறுக்கியது. ஆனால் எல்லைப்புற மடங்கள் 1560க்கு முன்பே பாதி செத்திருந்தன. முதல் காரணம் ஹெர்ட்ஃபோர்டு. இரண்டாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: வருமானம். மடாதிபதி பதவியை ராஜாக்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். 'கமெண்டேட்டர்' என்று பெயர். ஜபம் செய்ய வேண்டாம், துறவியாகவும் இருக்க வேண்டாம், வருமானம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாம் ஜேம்ஸ் மெல்ரோஸையும் கெல்சோவையும் தனக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த மகனுக்குக் கொடுத்தார், பையன் அப்போது சிறுவன். எரிந்த கூரையை யார் சரி செய்வார்கள்?

1560க்குப் பிறகும் துறவிகளைத் துரத்தவில்லை. சட்டப்படி அவர்கள் அங்கேயே இருந்து சாகலாம், புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது. மெல்ரோஸின் கடைசித் துறவி 1590 வாக்கில் இறந்தார். அதே 1590இல் பக்கத்திலேயே கமெண்டேட்டர் வீடு புதுப்பித்து எழும்பியது, வாசல் மேல்கல்லில் ஆண்டு செதுக்கியிருக்கிறது, போனால் பாருங்கள். ஒருவர் தனியே செத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வாசல் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஊர் மக்கள். கல் வெட்டி எடுக்கக் காசு, மடத்தில் வெட்டிய கல் இலவசம். அவ்வளவுதான்.


வடகடல் | செவ்வாய், மதியம் 1:02

நான் அபர்டீன் பக்கம். அர்ப்ரோத்துக்கு ஒரு ஓட்டு. எடின்பரோவிலிருந்து நேர் ரயில், ஒன்றரை மணி நேரம் போல. 1178இல் வில்லியம் ராஜா கட்டியது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான், தரை பெரும்பாலும் சமம், அம்மாவுக்குச் சிரமம் இல்லை. தெற்குச் சுவரின் உச்சியில் பெரிய வட்ட ஜன்னல் ஒன்று, கண்ணாடி போய் வெறும் வட்டம். ஊரில் 'ரவுண்ட் ஓ' என்பார்கள். 1320இல் போப் 22ஆம் ஜானுக்கு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் எழுதின சுதந்திரக் கடிதம் கிளம்பினது இங்கிருந்துதான். 1950 கிறிஸ்துமஸ் அன்று மாணவர்கள் சிலர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து திருடிய முடிசூட்டுக் கல்லை 1951 ஏப்ரலில் கொண்டுவந்து போட்டதும் இங்கேதான்.

தவிர, புகை போட்ட ஹாடக் மீன், அர்ப்ரோத் ஸ்மோக்கி. சூடாகக் கையில் பிய்த்துத் தின்ன வேண்டும்.


லீத்வாசி | செவ்வாய், மாலை 6:45

அம்மா சுத்த சைவம். புகை போட்ட மீன் வாசனைக்கு ஊரை விட்டே ஓடிருவாங்க 😅 அர்ப்ரோத் நான் தனியா போறேன் அண்ணே.

மெல்ரோஸ்னு முடிவு பண்ணியாச்சு. ராபர்ட் புரூஸோட இதயம் அங்க புதைச்சிருக்குன்னு ஒரு பேச்சு இருக்கே, அது நிஜமா, கைடு அடிச்சு விடறதா?


சும்மா_ஒருத்தன் | செவ்வாய், மாலை 7:10

கைடு அடிச்சு விடறதுதான். எழுநூறு வருஷத்து இதயம், பேரு எழுதியா வச்சிருக்கும்?


கல்வெட்டுப்பித்தன் | செவ்வாய், இரவு 9:22

கேள்வி நியாயமானது. தெரிந்தவற்றை அடுக்குகிறேன், தீர்ப்பு உங்களுடையது.

புரூஸ் 1329இல் செத்தார். இதயத்தைப் புனிதப் போருக்கு எடுத்துப் போக வேண்டும், பிறகு மெல்ரோஸில் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய தளபதி ஜேம்ஸ் டக்ளஸ் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார், ஆனால் ஸ்பெயின் தாண்டவில்லை. 1330 ஆகஸ்டில் டெபா என்ற ஊரில் கிரனாடா முஸ்லிம் அரசின் படையோடு நடந்த சண்டையில் செத்தார். இதயம் திரும்பி வந்தது. உடல் டன்ஃபர்ம்லின் மடாலயத்தில். 1818இல் அங்கே கட்டட வேலையின்போது ஒரு ராஜ கல்லறை வெளிப்பட்டது, எலும்புக்கூட்டின் மார்பெலும்பு அறுத்துப் பிளந்திருந்தது. இதயம் எடுத்த உடல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மெல்ரோஸில் 1921இல் துறவிகள் சபை கூடும் அறையின் தரைக்கடியில் ஈயப் பெட்டி கிடைத்தது. திரும்பப் புதைத்தார்கள். 1996இல் மீண்டும் எடுத்தார்கள். வெளிப்பெட்டிக்குள் கூம்பு வடிவில் சின்ன ஈயப் பேழை, உயரம் சுமார் 25 சென்டிமீட்டர், கூடவே 1921இல் வைத்த செப்புத் தகடு: உள்ளே இருப்பது ஓர் இதயம் என்று. பேழையைத் திறக்கவில்லை. 1998 ஜூன் 22 அன்று மறுபடி மண்ணுக்குள். பெயர் எழுதியில்லை, நிரூபணமும் இல்லை. ஆனால் ராஜாவே கேட்டுக்கொண்ட இடத்தில் ஈயத்தில் பொதிந்த ஓர் இதயம் கிடைத்தால், வேறு யாருடையது என்று சொல்கிற பொறுப்பு சும்மா ஒருத்தனுடையது.


சும்மா_ஒருத்தன் | செவ்வாய், இரவு 9:40

பொறுப்பை ஏற்க மறுக்கிறேன்.


மழைக்குருவி | புதன், காலை 11:15

ரொம்ப நாளா இந்தக் குழுவை வாசிக்க மட்டும் செய்யறேன், முதல் பதிவு. கேள்வி ஒண்ணு. இவ்வளவு இருக்கே, ஏன் எடுத்துக் கட்டக் கூடாது? கூரை போட்டா மழையில கல்லு கரையாதே.


கல்வெட்டுப்பித்தன் | புதன், பகல் 12:31

வாங்க. கட்டிய இடங்களும் உண்டு. எல்கின் பக்கத்தில் பிளஸ்கார்டன், 1230இல் தொடங்கி இடிந்து கிடந்த மடம். 1948இல் பெனடிக்டைன் துறவிகள் திரும்ப வந்து கூரை போட்டு, அங்கேயே வாழ்கிறார்கள். அயோனாவில் 1938 முதல் எடுத்துக் கட்டினார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் கூரைக்கு அடியில் உட்கார ஆள் இருந்தார்கள்.

மெல்ரோஸிலும் ஒரு முறை கூரை போட்டார்கள்! 17ஆம் நூற்றாண்டில் ஊர்த் தேவாலயமாகப் பயன்படுத்த, நடுவில் ஒரு பகுதியை மட்டும் தடுத்து மொத்தமான கல் வளைகூரை. பட்டு போன்ற வேலைப்பாட்டு நடுவே கோணிச்சாக்குத் தைத்த மாதிரி இருக்கும். 1810இல் ஊருக்கு வேறு கோயில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், சாக்கு மட்டும் இன்னும் தொங்குகிறது. எனக்கு அது பிடிக்கும். அந்தக் கூரையால்தான் அதற்கடியில் உள்ளவை மழைக்குத் தப்பின. அழகை மட்டும் பார்க்கிறவர்கள் அதைத் திட்டுவார்கள்.

1820களில் சர் வால்டர் ஸ்காட் மேற்பார்வையில் பழுது பார்த்தார்கள், பணம் கொடுத்தது பக்லூ டியூக் என்ற பிரபு. 1805இல் இந்த இடிபாட்டை நிலா வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லிக் கவிதை எழுதிக் கூட்டம் சேர்த்தவரும் அதே ஸ்காட்தான்.

லீத்வாசிக்கு ஒரு குறிப்பு: உயரத்துக் கல் உதிரும் ஆபத்து இருப்பதால் இத்தகைய இடங்களில் சில பகுதிகளுக்கு வேலி போட்டுவிடுகிறார்கள். கிளம்பும் முன் இணையதளத்தில் பாருங்கள். அப்புறம் தெற்குப் பக்கக் குறுக்குக் கூடத்தில் ஒரு கல்வெட்டு உண்டு, ஜான் மோரோ என்ற கொத்தனுடையது. பாரிஸில் பிறந்தேன், செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, மெல்ரோஸ், பெய்ஸ்லி, நித்ஸ்டேல், காலவே வேலையெல்லாம் என் பொறுப்பில் என்று செய்யுளாகவே வெட்டி வைத்திருக்கிறான்.


சும்மா_ஒருத்தன் | புதன், பகல் 12:50

சுவத்துல பயோடேட்டா. லிங்க்ட்இன் தோத்துது.


லீத்வாசி | ஞாயிறு, காலை 10:03

போயிட்டு வந்தாச்சு. நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

ட்வீட்பேங்க்ல இறங்கினப்போ பிசுபிசுன்னு தூத்தல். பஸ் வர கால் மணி நேரம் ஆச்சு. அம்மா அதுக்குள்ள தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கலாமான்னு கேட்டாங்க, மணி பதினொண்ணு கூட ஆகலை. மெல்ரோஸ் குட்டி ஊரு. பின்னால ஐல்டன் மலை மூணு மொட்டையா நிக்குது, ஊர் நடுவுல திடீர்னு இந்தச் சிவப்புக் கல்லு. ரோஜா நிறம்னு எழுதுவாங்க, மழையில நனைஞ்சப்போ ஈரச் செங்கல் நிறமாத்தான் இருந்தது.

சில இடத்துல வேலி போட்டிருந்தது, பித்தன் அண்ணன் சொன்ன மாதிரியே. ஆனா போனது வீணில்லை.

அம்மா விஷயம் முதல்ல. கிழக்கு ஜன்னல், தூண், வளைவு எதையும் கண்டுக்கலை. வெளிச்சுவருல ஒரு சமையல்காரன் சிலை இருக்கு, கையில கரண்டி. அங்கதான் நின்னுட்டாங்க. பைனாகுலரை எங்கிட்ட திருப்பித் தரவே இல்லை. "கோயில் சுவத்துல சமைக்கறவனுக்கும் ஒரு இடம் குடுத்திருக்காங்க பாரு. நம்ம வீட்டுல என்னைக்காவது..." அப்பா அந்த நேரம் பார்த்து வேற பக்கம் நடந்துட்டார்.

இதயம் இருக்கிற இடத்துல புல்லுக்குள்ள வட்டமா ஒரு கல்லு, அதுல இதயம் ஒண்ணு செதுக்கி, சுத்தி எழுத்து. நான் பித்தன் அண்ணன் சொன்ன கதையை அப்படியே ஒப்பிச்சேன். அம்மா கேட்டாங்க: "மிச்ச ஆளு எங்க?" டன்ஃபர்ம்லின்லன்னேன். "அப்போ திவசம் எங்க குடுப்பாங்க?"

இப்ப அப்பா. முதல் அரை மணி நேரம் குடையைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாடியே வந்தார், முகத்துல ஒண்ணும் இல்லை. அப்புறம் வடக்குப் பக்கம் போனோம், அங்க கட்டடமெல்லாம் போய் அஸ்திவாரம் மட்டும் இருக்கு. அதுக்கு நடுவுல நீளமா ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் கல்லு கட்டி. மடத்தோட பெரிய சாக்கடை. அப்பா குனிஞ்சார். குடையை எங்கிட்ட குடுத்துட்டு உக்காந்துட்டார். அறுபத்தெட்டு வயசு, ஈரப் புல்லுல குத்துக்கால் போட்டு.

"ஆறு எந்தப் பக்கம்?"

வடக்கேன்னேன்.

"மலை தெற்கே. அப்போ தரை வாட்டம் தெற்கேருந்து வடக்கே. சமையல், கக்கூஸ், குளியல் எல்லாம் அதான் இந்தப் பக்கம் வச்சிருக்கான். ஆனா இந்தத் தண்ணி மலைத் தண்ணி இல்லை. இவ்வளவு அகலத்துக்கு வருஷம் பூரா ஓட்டம் வேணும்னா ஆத்துலேருந்து கொண்டுவந்திருக்கணும். மேல எங்கயோ ஒரு தடுப்பணை கட்டி வாய்க்கால் எடுத்திருப்பான். எடுத்து, மில்லுக்கு விட்டு, இதைக் கழுவி, கீழ மறுபடி ஆத்துலயே விட்டிருப்பான். பார்த்தியா, அடிக்கல்லை எப்படிச் சேத்திருக்கான்னு? தேங்கவே தேங்காது."

பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கல்லு இடுக்குல வச்சுப் பார்த்தார், போட்டோவுக்கு அளவு தெரியணுமாம். அந்த நாணயத்தை எதுக்கு ஸ்காட்லாந்து வரைக்கும் கொண்டுவந்தார்னு கேக்கலை.

பித்தன் அண்ணே, அவர் சொன்னது சரியா? போர்டுல முழுசா படிக்க விடலை, மழை.


கல்வெட்டுப்பித்தன் | ஞாயிறு, காலை 10:40

சரியா என்றா கேட்கிறீர்கள்! துறவிகள் ட்வீட் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மாவாலைக்கும் இந்தச் சாக்கடைக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்பா தரையைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். சிஸ்டர்சியன் மடங்களில் துறவிகள் குடியிருக்கும் முற்றமும் கூடங்களும் பெரும்பாலும் கோயிலுக்குத் தெற்கேதான் இருக்கும். அப்போதுதான் வெயில் கிடைக்கும், வடக்கே என்றால் கோயிலின் நிழல் நாள் முழுக்க மேலே விழும். குளிர் தேசத்தில் அது சின்ன விஷயமில்லை. மெல்ரோஸில் தலைகீழாக வடக்கே வைத்தது தண்ணீருக்காக. நாலு நூற்றாண்டுத் துறவிகள் நிழலில் நடுங்கியது வாட்டத்துக்காக. பல பேர் இந்த மடத்தைப் பார்த்துவிட்டு எழுதியதைப் படித்திருக்கிறேன், பாதிப் பேர் பன்றியோடு நின்றுவிடுவார்கள்.


கிளைட்கரை | ஞாயிறு, காலை 11:25

பன்றிக்கு என்ன குறை? 😀

அப்பாவிட்ட சொல்லுங்கோ, அந்த அணை இருந்த இடத்தில இப்பவும் ஆத்துக்குக் குறுக்கால அணைக்கட்டு ஒண்டு கிடக்கு. ஊரில 'கால்ட்' எண்டு சொல்லுவினம். மடத்தில இருந்து ஆத்தங்கரைக்கு நடந்தால் கிட்டத்தான், 1826இல கட்டின சங்கிலிப் பாலம் ஒண்டும் அங்க இருக்கு. தண்ணி விழுகிற இடத்தில சால்மன் மீன் ஏறப் பாக்கும். நாங்கள் அங்க இருந்துதான் சான்விச் சாப்பிட்டனாங்கள்.


லீத்வாசி | ஞாயிறு, பகல் 12:10

இதை ஏன் முன்னாடியே சொல்லலை! அப்பாவுக்கு உங்க பதிவை வாசிச்சுக் காட்டினேன். இப்போ கூகுள் மேப்பைப் பெருசு பண்ணி வச்சுக்கிட்டு அணையோட கோணத்தைப் பார்த்துட்டிருக்கார். ஆத்துக்கு நேர் குறுக்கே இல்லையாம், சாய்வா இருக்காம், அதுக்கு ஒரு காரணம் இருக்காம். வியாழக்கிழமை லீவு போட முடியுமான்னு கேக்கறார்.


சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, பகல் 12:18

எல்லாம் சரி. பன்றி போட்டோ எங்கய்யா?


லீத்வாசி | ஞாயிறு, பகல் 12:31

கேமரா அப்பா கையில இருந்தது. மொத்தம் 47 போட்டோ. 43 சாக்கடை, ரெண்டு கரண்டிக்காரன், ஒண்ணு தயிர்சாதம். மீதி ஒண்ணுல மழைத்துளிக்குப் பின்னாடி மங்கலா ஏதோ தெரியுது. அது பன்றியா இருக்கலாம்.